கரண்ட் போச்சு, டிராஃப்டும் போச்சு: ஏழாம் இடத்துக்காரனின் புலம்பல்

குடமுருட்டிக்காரன் | 3 ஜூன் 2025, இரவு 9.40

இங்கிலாந்துக் கால்பந்து பிரீமியர் லீக் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. எனக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. அந்த லீக் வீரர்களை முறை வைத்துப் பங்குபோட்டு எடுத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்குப் புள்ளி வாங்கி, வாராவாரம் நேருக்கு நேர் மோதும் இணைய விளையாட்டு எஃப்பிஎல் டிராஃப்ட். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஆடும் அதில் இந்தத் தடவை ஏழாவது. எட்டாவது வந்தவன் பொங்கலுக்குப் பிறகு அணியைத் திறந்துகூடப் பார்க்காதவன். அவனோடு கடைசி வாரம் வரை மல்லுக்கட்டி, ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் தப்பித்தேன் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சட்டப்படி கடைசி இரண்டு பேரும் மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு அரை கிலோ திருவையாறு அசோகா அல்வா வாங்கித் தர வேண்டும். அவன் போனையே எடுப்பதில்லை. ஆக மொத்தச் செலவும் என் தலையில்.

டிராஃப்ட் நடந்தது போன வருஷம் ஆகஸ்ட் 11, ஞாயிறு இரவு. ஆளுக்கொரு ஊரில் அவரவர் வீட்டிலிருந்து ஆடினோம். எனக்கு ஆறாவது இடம். ஹாலண்ட், சலா, பால்மர், சாகா, வாட்கின்ஸ் எல்லாம் எனக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். நான் ஃபோடனை எடுத்தேன். முந்தைய சீசனில் 19 கோல் அடித்து, கால்பந்துப் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் சிறந்த வீரர் விருதும் வாங்கியவர். இதில் யார் தப்புச் சொல்ல முடியும்? இந்த சீசனில் 7 கோல்.

11ஆவது ஆளாக ஒடெகார்ட். அப்போது ஐசக் மிச்சம் இருந்தார். அவருக்கு அடிக்கடி அடிபடும் என்று பயந்து விட்டுவிட்டேன். ஒடெகார்டுக்குச் செப்டம்பரில் நார்வேக்காக ஆடப் போன இடத்தில் கணுக்கால் போனது, இரண்டு மாதம் காலி. சீசன் முழுக்க லீக்கில் 3 கோல். ஐசக் 23.

22ஆவதாக நூன்யெஸ், 5 கோல். 27ஆவதாக கோல்கீப்பர் அலிசன், அக்டோபரில் பின்தொடைத் தசையில் அடி. 38ஆவதாக ரஷ்ஃபோர்ட், டிசம்பரில் அணியிலிருந்தே கழற்றி விடப்பட்டார், பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லா அணிக்கு இரவல் போனார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஏழாவது சுற்றில் என் முறை வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் கரண்ட் போய்விட்டது. எங்கள் தெருவில் கரண்ட் போனால் செல்போன் சிக்னலும் கூடவே கிளம்பிவிடும். போனில் 6 சதவீதம் சார்ஜ். மொட்டைமாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு புள்ளி சிக்னல் வந்தபோது 54, 59 இரண்டும் போயிருந்தன. செயலியே எனக்காக ஆள் எடுத்து வைத்திருந்தது. அந்த இடத்தில் ஆட்டம் கையை விட்டுப் போனது. அதற்கப்புறம் எனக்கு எடுக்கவே மனசில்லை.

இதை எப்படிச் சரி செய்திருக்கலாம்? யூபிஎஸ் வாங்கு என்று சொல்லாதீர்கள், ஏற்கெனவே அசோகா செலவு இருக்கிறது.

மன்னை மைந்தன் | இரவு 9.52

தொட்டி மேல் ஏறியவன் அப்படியே உள்ளே குதித்திருந்தால் எங்களுக்கு அசோகா போயிருக்கும். நல்லவேளை மாப்ள.

சோழன் ரயில் | இரவு 10.05

எனக்கு ட்ரீம்11 மட்டும்தான் தெரியும், அதுவும் கிரிக்கெட். இது அதே மாதிரிதானா? எல்லாரும் ஹாலண்டையே எடுத்துக்கொண்டால் முடிந்தது வேலை.

கல்லணைக் கால்வாய் | இரவு 10.31

சோழன் தம்பி, அங்கேதான் வித்தியாசம். ட்ரீம்11ல் ஒரே ஆளை ஊரே எடுக்கலாம். டிராஃப்டில் ஒருவரை ஒருவர் எடுத்துவிட்டால் அந்த லீக்கில் வேறு யாருக்கும் கிடையாது. விலை கிடையாது, பட்ஜெட் கிடையாது, கேப்டனுக்கு இரட்டைப் புள்ளியும் கிடையாது. வரிசை பாம்பு மாதிரி வளைந்து வரும். எட்டுப் பேர் என்றால் முதல் சுற்றில் கடைசியில் நிற்பவன் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பான். ஆளுக்குப் பதினைந்து பேர்: கீப்பர் 2, தடுப்பு 5, நடுக்களம் 5, முன்களம் 3.

இப்போது குடமுருட்டிக்கு வருகிறேன். நான் இவர்கள் லீக்கில் இல்லை. அதனால் அசோகா ஆசை எதுவும் இல்லாமல் பேசுகிறேன்.

அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். எட்டுப் பேருக்குத் தலா 3 என்றால் 24 முன்கள ஆட்கள். பிரீமியர் லீக்கில் மொத்தமே 20 அணி. பெரும்பாலான அணிகள் ஒற்றை ஸ்ட்ரைக்கரை வைத்துத்தான் ஆடுகின்றன. அப்படியானால் வாராவாரம் நிச்சயமாக இறங்கும் ஸ்ட்ரைக்கர் எல்லாருக்கும் மூன்று கிடைக்க வழியே இல்லை. யாரோ சிலருக்கு பெஞ்சில் உட்காரும் ஆள்தான் மூன்றாவதாக வருவான். அந்தச் சிலரில் நீ இருக்கக் கூடாது என்றால் முன்களத்தை முன்னாலேயே எடுக்க வேண்டும். நீ முதல் இரண்டையும் நடுக்களத்தில் போட்டாய். நடுக்களத்தில் 40 பேர் போகிறார்கள் என்றாலும், ஓர் அணியில் மூன்று நான்கு பேர் அந்தப் பட்டியலில் வருவார்கள். கிணறு வற்றாது.

கோல்கீப்பர் கதை இன்னும் மோசம். 20 அணிக்கு 20 கீப்பர், எட்டுப் பேரும் எடுப்பது 16. எப்படியும் ஒருவர் கிடைத்தே தீருவார். நல்ல கீப்பருக்கும் சுமாரான கீப்பருக்கும் சீசன் கடைசியில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. கோல் வாங்காத ஆட்டத்துக்கு 4 புள்ளி, பந்தை மூன்று தடவை தடுத்தால் 1. பலவீனமான அணியின் கீப்பருக்குப் பந்தைத் தடுக்கும் வாய்ப்பு அதிகம் கிடைக்கும், அதிலேயே பாதியை ஈடு கட்டுவார். அதிக ஆட்டங்களில் கோல் வாங்காத கீப்பருக்குத் தரும் கோல்டன் குளோவ் விருதை இந்த சீசனில் யார் பகிர்ந்துகொண்டார்கள்? ஆர்சனலின் ராயா, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் செல்ஸ். இருவரும் 13 ஆட்டங்களில் கோல் வாங்கவில்லை. செல்ஸ் உங்கள் லீக்கில் எந்தச் சுற்றில் போனார்?

மன்னை மைந்தன் | இரவு 10.36

பதினைந்தாவது சுற்று. பாமணி எடுத்தான். எடுத்துவிட்டு 'இவன் யாருன்னே தெரியல, பேரு சின்னதா இருக்கு' என்றும் குழுவில் போட்டான்.

குடமுருட்டிக்காரன் | இரவு 10.50

கீப்பர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அலிசனை நான்காவது சுற்றில் எடுத்தது ஆசையில். மீதியெல்லாம் காயம் அண்ணே. ஒடெகார்டுக்கு அடிபட்டது என் தப்பா? அலிசனுக்கு அடிபட்டது என் தப்பா? அப்புறம் கரண்ட். இரண்டு ஆள் என் கையில் இல்லாமலே போயிற்றே.

நாகைத் துறைமுகம் | இரவு 11.14

காயம் என்று அழாதே. நான் நான்காவதாக எடுத்தது சாகாவை. டிசம்பர் 21 கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் தொடை போய் ஏப்ரல் 1ஆம் தேதிதான் திரும்பி வந்தார். மூன்று மாதத்துக்கு மேல். என் முதல் ஆளே இல்லாமல் நான் மூன்றாவதாக முடித்தேன். நீ செய்யாத என்னவோ பெரிதாக நான் ஒன்றும் செய்யவில்லை. வாராவாரம் புதன்கிழமை ராத்திரி, வலை பின்னுகிற மாதிரி உட்கார்ந்து, யாரும் எடுக்காத ஆட்கள் பட்டியலை ஒரு தடவை மேய்வேன். அவ்வளவுதான். மிலென்கோவிச்சை அப்படித்தான் பிடித்தேன். தடுப்பு ஆட்டக்காரர், 5 கோல். தடுப்புக்காரர் கோல் அடித்தால் 6 புள்ளி என்பது ஞாபகம் இருக்கட்டும்.

நீ ஒடெகார்ட் வருவார் வருவார் என்று அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தாய். தீபாவளிக்கும் உன் பெஞ்சில்தான் கிடந்தார்.

வெண்ணாற்றங்கரை | 4 ஜூன், காலை 5.48

ராத்திரி எல்லாரும் நன்றாகப் பேசியிருக்கிறீர்கள். நான் விடியலில் எழும் ஆள், இப்போதுதான் பார்க்கிறேன்.

தம்பி குடமுருட்டி, உங்கள் அப்பாவிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். போன வருஷம் ஜூன் 12ல் மேட்டூர் திறக்கவில்லை. ஜூலை 28ல் திறந்தார்கள், இரண்டே நாளில் 120 அடி நிரம்பியது. போர் வைத்திருந்தவன் குறுவை நட்டான், மற்றவன் சம்பாவுக்குக் காத்திருந்தான். அந்த வருஷம் என்ன ரகம் போடுவது என்பதை முந்தைய வருஷத்து மகசூலைப் பார்த்தா முடிவு செய்தோம்? தண்ணீரைப் பார்த்து முடிவு செய்தோம். சிஆர் 1009 சம்பாவில் நன்றாக விளைந்தது என்று அதைக் கொண்டுபோய்க் குறுவையில் போடுவீர்களா? நூற்றைம்பது நாள் பயிர். ரகத்தின் மேல் குற்றமே இல்லை, பட்டம்தான் வேறு.

நீங்கள் எடுத்த பெயர்களைப் பாருங்கள். எல்லாமே முந்தைய மகசூல். நூன்யெஸ் லிவர்பூலில் பயிற்சியாளர் கிளாப் காலத்து ஆள். கிளாப் கிளம்பிவிட்டார், ஸ்லாட் வந்துவிட்டார். ஸ்லாட் பல ஆட்டங்களில் டியாஸை நடுவே நிறுத்தினார், டியாஸ் 13 கோல் அடித்தார். மடை மாறிவிட்டது, நீங்கள் பழைய வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று மண்வெட்டியோடு நிற்கிறீர்கள்.

அதற்கு நேர் எதிர்ப் பக்கம் ஃபாரஸ்ட். 2023 டிசம்பரில் நூனோ அங்கே பயிற்சியாளராக வந்தார். வந்த வேகத்தில் 26ஆம் தேதி நியூகாசிலில் ஃபாரஸ்டின் ஸ்ட்ரைக்கர் மூன்று கோல் போட்டார். அந்த சீசனில் மொத்தம் 14. கிறிஸ் வுட் என்ற பெயரைப் போன ஆகஸ்டில் எத்தனை பேர் வாயில் வைத்திருந்தீர்கள்? இந்த சீசனில் 20. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பிரீமியர் லீக்கில் அவருடைய பெரிய விளைச்சல் முப்பது வயசுக்கு மேல்தான்.

சரி, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிறேன்.

குடமுருட்டிக்காரன் | காலை 8.20

அண்ணே, நீங்கள் சொல்வது புரிகிறது. பெயருக்கு ஆசைப்பட்டேன். ரஷ்ஃபோர்டை 38ல் எடுத்தபோது, இரண்டு ஆள் தள்ளி எம்பூமோ போனார். அவரும் 20 கோல். இது என் தப்பு, எழுதித் தருகிறேன்.

ஆனால் 54, 59 என் தப்பில்லை. அது கரண்ட். அதை மட்டும் விட்டுத் தர மாட்டேன்.

பாமணி | காலை 9.02

நான் நேற்றிலிருந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். ஜெயித்தவன் பேசினால் திமிர் என்பீர்கள். ஆனால் இதற்கு மேல் முடியாது.

பங்காளி, கரண்ட் போனபோது செயலி உனக்கு எடுத்துக் கொடுத்த இரண்டு பேர் யார்? பெயரைச் சொல்.

குடமுருட்டிக்காரன் | காலை 9.10

54 ட்ரிப்பியர். லிவ்ரமென்டோ வந்து அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

பாமணி | காலை 9.11

59?

மன்னை மைந்தன் | காலை 9.30

இருபது நிமிஷமாகப் பதில் இல்லை. கரண்ட் போச்சா மாப்ள?

பாமணி | காலை 9.34

நானே சொல்கிறேன். 59 கிறிஸ் வுட். வெண்ணாறு அண்ணன் விடியற்காலையில் புகழ்ந்து எழுதினாரே, அதே வுட். எட்டுப் பேரில் ஒருவரும் தேடாத ஆளைச் செயலி இவன் மடியில் போட்டது. இவன் அந்த வாரமே, ஒரு பந்துகூட உருளும் முன், அவரைத் தூக்கி எறிந்தான். முதல் வாரம் முடிந்ததும் நான் எடுத்துக்கொண்டேன். மே மாதம் வரை என் அணியை விட்டு அவர் அசையவில்லை.

சோழன் ரயில் | காலை 9.41

ஐயோ.

கல்லணைக் கால்வாய் | காலை 10.15

அப்படியென்றால் நான் நேற்று முன்களத்தைப் பற்றி எழுதியதெல்லாம் வீண். கணக்குப்படி இவனுக்குக் கிடைத்தே இருக்க முடியாத ஆள் தானாக வந்திருக்கிறார். பதினைந்தில் உருப்பட்ட ஒரே தேர்வு இவன் செய்யாத தேர்வா?

குடமுருட்டிக்காரன் | மதியம் 1.25

ஒரே தேர்வு இல்லை. 70ஆவதாகச் செமென்யோவை நான்தான் எடுத்தேன், 11 கோல். அதையாவது கணக்கில் வையுங்கள்.

சரி, வுட் கதையைச் சொல்லிவிடுகிறேன். மறைக்க நினைக்கவில்லை. நிஜமாகவே எனக்குள் அது 'கரண்ட் கெடுத்த இரண்டு' என்றுதான் பதிந்திருந்தது. இப்போது பாமணி கேட்ட பிறகுதான் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறேன்.

அன்று இரவு மாடியிலிருந்து இறங்கி வந்தேன். அம்மா அரிக்கேன் விளக்கைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் போனைப் பார்த்தால் என் பட்டியலில் நான் தொடாத இரண்டு பெயர். யாரோ என் தட்டில் கை வைத்த மாதிரி இருந்தது. ட்ரிப்பியர் பெரிய பெயர் என்பதால் விட்டுவைத்தேன். வுட்டைப் பார்த்தாலே எரிந்தது. உடனே வெய்வரில், அதாவது ஓர் ஆளை விட்டுவிட்டு யாரும் எடுக்காத ஆளைக் கேட்கும் முறையில், மனுப் போட்டு, இத்தாலியின் போலோன்யாவிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் புதிதாக வந்திருந்த ஸிர்க்ஸீயைக் கேட்டேன். முதல் வெய்வர் டிராஃப்ட் வரிசைக்குத் தலைகீழ், அதனால் எனக்கு மூன்றாவது முறை. வியாழக்கிழமை கிடைத்துவிட்டார்.

இதற்கு மேல்தான் விதி. வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் ஆட்டமே யுனைடெட், ஃபுல்லாம். நம் நேரம் 12.30 மணிக்குத் தொடக்கம். கூடத்தில் எல்லாரும் தூங்குகிறார்கள், நான் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். பாதி ஆட்டத்துக்கு மேல் மாற்று ஆளாக ஸிர்க்ஸீ இறங்கினார். 87ஆவது நிமிடம் ஒரே கோல், அவர் கோல். ராத்திரி இரண்டே காலுக்கு வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். அப்பா 'என்னடா, பாம்பா?' என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் போர்ன்மத்துக்கு எதிராக வுட்டும் அடித்தார். அதை நான் பார்க்கவே இல்லை. என் ஆள் அடித்துவிட்டாரே, வேறென்ன வேண்டும். அந்த ஒரு கோலை வைத்துக்கொண்டு ஸிர்க்ஸீயை நவம்பர் வரை சுமந்தேன். லீக்கில் அவர் மொத்தம் 3.

பாமணி | மதியம் 1.40

பிப்ரவரி ஒன்றாம் தேதியையும் சொல்லிவிடு.

குடமுருட்டிக்காரன் | மதியம் 2.05

அன்று எனக்கும் இவனுக்கும் நேருக்கு நேர். சம்பா அறுவடை. மிஷின் எங்கள் வயலில் இறங்கியிருந்தது, மணிக்கணக்கு வாடகை. இருட்டிவிட்டது, எப்படியாவது அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். பையில் போன் அதிர்ந்தது. ஃபாரஸ்ட், பிரைட்டனுக்கு எதிராக. எடுத்துப் பார்த்தால் வுட். பையில் போட்டேன். மறுபடி அதிர்ந்தது. கையெல்லாம் நெல் சுணை, திரையைத் தேய்த்தால் நகரவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டுப் பார்த்தேன், மறுபடி வுட். மூன்றாவது தடவை நான் எடுக்கவே இல்லை. 7-0. அவர் மட்டும் மூன்று. முன்களத்தில் கோலுக்கு 4 என்றால் அதிலேயே 12. அந்த வாரம் நான் தோற்றது 9 புள்ளியில்.

மிஷின் டிரைவர் 'என்ன சார், விலை இறங்கிடுச்சா?' என்று கேட்டார்.

வெண்ணாற்றங்கரை | மாலை 4.30

நான் தெரியாமல் காலையில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன் தம்பி. வேண்டுமென்று இல்லை.

நாகைத் துறைமுகம் | மாலை 5.12

அண்ணே, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் பாமணி வாயைத் திறந்திருக்க மாட்டான். அவனுக்கு அசோகா கிடைத்தால் போதும்.

குடமுருட்டி, இந்த ஆகஸ்டுக்கு ஒரு காரியம் செய். செயலியில் உன் விருப்பப் பட்டியலை முன்னாலேயே போட்டு வை. கரண்ட் போனால் அந்த வரிசைப்படி எடுக்கும். நீ காலியாக விட்டதால் அதன் இஷ்டத்துக்கு எடுத்தது.

மன்னை மைந்தன் | மாலை 5.20

வேண்டாம் மாப்ள. நீ போடும் பட்டியலைவிட அதன் இஷ்டமே தேவலை. டிராஃப்ட் அன்றைக்கு நாங்களே வந்து உன் வீட்டு மெயினை இறக்கிவிடுகிறோம்.

குடமுருட்டிக்காரன் | இரவு 8.45

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். சனிக்கிழமை திருவையாறு போகிறேன். எட்டாவது ஆள் கடைசியில் போனை எடுத்துவிட்டான், பாதிப் பணம் அனுப்பிவிட்டான். மதியம் ஒரு மணிக்கு மன்னார்குடிக்குக் கொண்டுவருகிறேன், ஆறு பேரும் மன்னை வீட்டுக்கு வந்துவிடுங்கள். பாமணிக்கு மட்டும் கால் கிலோ. மீதிக் கால் கிலோவை வுட்டிடம் போய் வாங்கிக்கொள்ளட்டும்.

பாமணி | இரவு 8.47

அரை கிலோ என்று சட்டம் எழுதியதே நீதான் பங்காளி. இரண்டு வருஷம் முன்னால், நீ ஜெயித்தபோது.